பலசரக்குக்கடை தந்த வாக்குச்சீட்டு

சுவிசில் பிறந்து வளர்ந்தவர்களிடம் ஒரு கேள்வி உண்டு. "நீ மிக்ரோப் பிள்ளையா, கோப் பிள்ளையா?" தாய் தகப்பன் எந்தக் கடையில் சாமான் வாங்கி வளர்த்தார்களோ அந்தக் கடையின் பிள்ளை என்று அர்த்தம். எந்த ஐஸ் ரீ குடித்து வளர்ந்தாய், எந்தக் கடைப் பிஸ்கற் உனக்கு ருசி என்பதிலேயே ஆளை அடையாளம் பிடித்துவிடுவார்கள். பகிடியாகக் கேட்பதுதான். ஆனால் கால்பந்துக் கழகத்துக்காகச் சண்டை பிடிக்கிற மாதிரி இதற்காகவும் சண்டை பிடிப்பார்கள்.

எங்கட பிள்ளைகளும் இப்ப அப்படித்தான். என்ர மகள் ஒருநாள் என்னிடம் "அப்பா, நீங்கள் எந்தப் பிள்ளை?" என்று கேட்டாள். "நான் சங்கக்கடைப் பிள்ளை" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. உங்களுக்கு விளங்கும்.

இந்த நாட்டில் நாற்பது வருடத்துக்குக் கிட்ட வாழ்ந்தாயிற்று. மிக்ரோ, கோப், டென்னர், அல்டி, லிடில், பிறகு எங்கட தமிழ்க்கடை என்று எல்லாப் படியும் ஏறி இறங்கியாயிற்று. எது எனக்குப் பிடித்த கடை என்று கேட்டால் என்னிடம் பதில் இருக்கிறது. ஆனால் அது தக்காளியின் விலையை வைத்து வந்த பதில் இல்லை. அதனால் கொஞ்சம் வரலாறு சொல்லித்தான் அந்தப் பதிலுக்கு வரவேண்டும். பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் வயதில் மூத்த கோப்.

1844இல் இங்கிலாந்தின் றொச்டேல் என்ற ஊரில் 28 தொழிலாளர்கள், அவர்களில் பலர் நெசவாளிகள், காசு சேர்த்து ஒரு சங்கம் அமைத்து சின்னக் கடை ஒன்றைத் தொடங்கினார்கள். மா, வெண்ணெய், சீனி என்று நாலைந்து சாமான்தான். கலப்படமில்லாத சாமான், சரியான நிறை, வருட முடிவில் லாபத்தை வாங்கியவர்களுக்கே பிரித்துக் கொடுப்பது, பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்கு. உலகத்தில் உள்ள கூட்டுறவுக் கடைகள் எல்லாம் அந்தக் கடையைத்தான் முன்னோடியாகச் சொல்லும்.

சுவிசிலும் அதே காலத்தில் இந்த எண்ணம் பரவியது. 1851இல் சூரிச்சில் ஒரு நுகர்வோர் சங்கம் வந்தது. 1865இல் பாசலில் இன்னொன்று. ஊருக்கு ஊர் சங்கங்கள் முளைத்தன. 1890இல் அவை ஒன்றுசேர்ந்து பாசலைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு ஒன்றியம் அமைத்தன. அந்த ஒன்றியம்தான் பிற்காலத்தில் கோப் என்று பெயர் மாறியது. இன்றைக்கும் அதன் தலைமையகம் பாசலில்தான். முதலாம் உலகப்போர் முடிந்த கையோடு, 1919க்கும் 1921க்கும் இடையில், பாசலுக்குப் பக்கத்தில் முற்றென்ஸ் என்ற இடத்தில் தங்கள் ஆட்களுக்காக 150 வீடுகள் கொண்ட ஒரு கிராமத்தையே கட்டினார்கள். பிரைடோர்ப் என்று பெயர். அந்த வீடுகள் இன்றைக்கும் நிற்கின்றன. கடை நடத்துகிறவர்கள் ஒரு ஊரையும் நடத்தலாம் என்று நம்பிய காலம் அது.

இதை வாசிக்கும்போது எனக்கு எங்கட சங்கக்கடைதான் ஞாபகத்துக்கு வரும். இலங்கையில் கூட்டுறவுக்கென்று முதல் சட்டம் வந்தது 1911இல். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஊரெல்லாம் கூட்டுறவுக் கடைகள் திறந்தார்கள். யாழ்ப்பாணத்தில் கூட்டுறவு கடையோடு நிற்கவில்லை. மூளாயில் கூட்டுறவு வைத்தியசாலையே நடந்தது. என்ர சின்ன வயதில் சங்கக்கடை என்றால் கூப்பன், வரிசை, முகாமையாளரின் முறைப்பு, சீனிச் சாக்கின் மணம். 1990களில் பொருளாதாரத் தடை போட்டு சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் பற்றரியும் யாழ்ப்பாணத்துக்குள் போகவிடாமல் மறித்த காலத்தில், வந்து சேர்ந்த கொஞ்ச நஞ்சத்தைச் சனத்துக்குப் பங்கிட்டுக் கொடுத்ததும் இந்தச் சங்கக்கடைகள்தான். நான் அப்போது இங்கே. அம்மா எழுதின கடிதங்களில் "சங்கத்தில் இன்றைக்கு இவ்வளவு தந்தார்கள்" என்ற வரி எப்போதும் இருக்கும்.

ஆகவே கோப் எனக்குச் சொந்தக்காரன் மாதிரி. அப்படியென்றால் கோப் பிள்ளை என்று சொல்லிவிட்டுப் போகலாமே என்று நினைப்பீர்கள். கதை அவ்வளவு லேசு இல்லை.

இனி மிக்ரோ. எழுதுவது முடிவில் 'ஸ்' போட்டு. ஜேர்மன் பேசும் சுவிஸ்காரர் வாயில் அது மிக்ரோ. எங்கட ஆட்களும் அப்படித்தான் சொல்வது.

இதைத் தொடங்கியவர் கொட்லீப் டுட்வைலர். 1888இல் சூரிச்சில் பிறந்தவர். சனம் செல்லமாக 'டுட்டி' என்று கூப்பிட்டது. இளவயதில் கோப்பி, அரிசி, எண்ணெய் மாதிரிச் சாமான்களை வெளிநாடுகளில் இருந்து இறக்கும் நிறுவனம் ஒன்றில் பங்காளி. முதலாம் உலகப்போருக்குப் பிறகு அந்த வியாபாரம் நொடித்தது. பிறேசிலுக்குப் போய்க் கோப்பித் தோட்டம் செய்து பார்த்தார். அதுவும் சரிவரவில்லை. திரும்பி வந்தபோது அவருக்கு ஒரு கணக்கு உறுத்தியது. தோட்டத்தில் விவசாயிக்குக் கிடைக்கிற விலைக்கும் சூரிச்சில் ஒரு குடும்பப் பெண் கடையில் கொடுக்கிற விலைக்கும் இடையில் இவ்வளவு பெரிய இடைவெளி ஏன்? நடுவில் எத்தனை கைகள்?

1925 ஓகஸ்ட்டில் அதற்கு விடை செய்து காட்டினார். கடை இல்லை, விளம்பரக் கண்ணாடி இல்லை. ஐந்து போர்ட் லொறிகள். அவற்றில் ஆறே ஆறு சாமான்கள்: கோப்பி, அரிசி, சீனி, மக்கறோனி வகைகள், தேங்காய்க் கொழுப்பு, சவர்க்காரம். சூரிச்சின் தெருக்களில் குறித்த இடத்தில் குறித்த நேரத்துக்கு லொறி வந்து நிற்கும். சனம் வரிசையில் நின்று வாங்கும். சில சாமான்கள் மற்றக் கடைகளை விட 40 வீதம் வரை மலிவு.

தேங்காய்க் கொழுப்பு! நான் இதை முதன்முதல் வாசித்தபோது சிரிப்பு வந்தது. மாட்டு வெண்ணெயும் பாற்கட்டியும் மலிந்த நாட்டில் ஏழைக் குடும்பம் பொரிக்கவும் வதக்கவும் வாங்கியது கொப்பறாவில் இருந்து எடுத்த கொழுப்பு. நாங்கள் இந்த நாட்டுக்கு வர அறுபது வருடம் முந்தியே எங்கட தேங்காய் வந்து அடுப்படியில் ஏறிவிட்டது.

டுட்வைலரின் இன்னொரு தந்திரத்தைச் சொல்லவேண்டும். லொறி ஓட்டுகிறவர்தான் விற்பவர். சில்லறை எண்ணி நின்றால் நேரம் போகும், நேரம் போனால் செலவு கூடும். அதனால் விலையை முழுத்தொகையாக வைத்து நிறையைக் கூட்டிக் குறைத்தார். அதாவது, சீனி விலை இறங்கினால் பக்கற்றில் கொஞ்சம் கூடுதலாகச் சீனி. விலை அதே விலை. எங்கள் ஊரில் பாண் விலையைக் கூட்டாமல் பாணைச் சின்னதாக்குவார்கள் அல்லவா, அதன் நேர்மையான பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? மிக்ரோவுக்குச் சாமான் கொடுக்கவேண்டாம் என்று பெரிய உற்பத்தியாளர்களை நெருக்கினார்கள். சில மாநிலங்கள் அந்த லொறிகளுக்குப் பெரிய கட்டணம் போட்டன. டுட்வைலர் தானே தொழிற்சாலை வாங்கத் தொடங்கினார். 1928இல் மைலென் என்ற ஊரில் பழச்சாறு செய்யும் ஆலை ஒன்றை வாங்கினார். பெயர் பெற்ற சாமான்களைப் போலவே தானும் செய்து, பெயரிலும் குத்தினார். 'ஹாக்' என்று ஒரு கோப்பி இருந்தது. ஹாக் என்றால் வேலி என்றும் ஒரு பொருள் உண்டு. இவர் தன்னுடைய கோப்பிக்கு 'சவுன்' என்று பெயர் வைத்தார். அதுவும் வேலிதான்! ஹெங்கல் நிறுவனத்தின் பேர்சில் சலவைத்தூளுக்கு எதிராக 'ஒஹே' என்று ஒன்று. 'ஹெங்கல் இல்லாமல்' என்பதன் சுருக்கம் அது. இன்றைக்கும் மிக்ரோவில் போய்ப் பார்த்தால் பாதிக்கு மேல் அவர்களுடைய சொந்தத் தயாரிப்பாக இருப்பதன் காரணம் அந்தக் காலத்துப் பகிஷ்கரிப்புத்தான்.

1933இல் அரசாங்கமே குறுக்கே வந்தது. பெரிய கடைகள் புதுக் கிளை திறக்கக்கூடாது என்று ஒரு தடை. பொருளாதார நெருக்கடிக் காலம். சின்னக் கடைக்காரர்களைக் காப்பாற்ற என்று சொன்னார்கள். அது 1945 முடியும் வரைக்கும் நீண்டது.

இந்த இடத்தில் நான் டுட்வைலர் பக்கம் மட்டும் நின்று கைதட்டத் தயாராக இல்லை. அந்தச் சின்னக் கடைக்காரர் யார்? தெருமுனையில் கடை வைத்து, கையில் காசில்லாத குடும்பத்துக்குக் கொப்பியில் எழுதிக் கடன் கொடுத்தவர். எங்கள் ஒழுங்கையில் இருந்த கடைக்காரரும் அப்படித்தான். அப்பாவுக்குச் சம்பளம் பிந்தின மாதங்களில் எங்களுக்குச் சோறு போட்டது அவருடைய கடன் கொப்பி. மிக்ரோ லொறியில் கடன் கிடையாது. கைக்காசு கொடுத்தால்தான் சாமான். மலிவு என்பது கையில் காசு உள்ளவனுக்குத்தான் மலிவு. இதையும் வரலாற்றில் எழுதி வைக்கவேண்டும்.

ஆனாலும் 1941இல் அந்த மனிதர் செய்த ஒரு காரியத்துக்கு ஈடாக இன்னொன்றை நான் கேள்விப்பட்டதில்லை. மிக்ரோ அப்போது அவருடைய கம்பனி. லாபத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கும் மனைவி அடேலுக்கும் பிள்ளைகள் இல்லை. அந்தக் கம்பனியைக் கூட்டுறவாக மாற்றி, பங்குகளைத் தன்னிடம் சாமான் வாங்குகிற குடும்பங்களுக்கு இலவசமாகக் கொடுத்தார். விற்கவில்லை, கொடுத்தார். ஐரோப்பா முழுக்க யுத்தம் எரிந்துகொண்டிருந்த வருடம் அது.

அதற்குப் பிறகு நடந்தவற்றை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். 1944இல் மலிவான மொழி வகுப்புகளோடு 'குளுப்சூலே' என்ற மிக்ரோப் பள்ளி. 1948இல் சூரிச்சில், வாடிக்கையாளர் தாமே தட்டில் இருந்து சாமானை எடுக்கும் கடை, சுவிசுக்கே அது புதுசு. அதே வருடம் பாராளுமன்ற உறுப்பினராக இருந்த டுட்வைலர், உணவுச் சேமிப்புப் பற்றிய தன் பிரேரணையைச் சபை இழுத்தடிக்கிறது என்று கோபப்பட்டு, பாராளுமன்றக் கட்டடத்தின் யன்னலுக்குக் கல்லால் எறிந்து கண்ணாடியை உடைத்தார்! 1957இல், வருமானத்தில் ஒரு பகுதியைக் கலைக்கும் கல்விக்கும் கொடுக்கவேண்டும் என்று சங்க விதியிலேயே எழுதினார்கள். 1962இல் டுட்வைலர் இறந்தார்.

இப்போது நாங்கள் வருகிறோம்.

1983 யூலைக்குப் பிறகு கூட்டம் கூட்டமாக வந்து இறங்கினோம். பெரும்பாலும் இளம் பெடியள். முகாம், பிறகு ஒரு அறையில் நாலைந்து பேர், உணவகக் குசினியில் கோப்பை கழுவுகிற வேலை. தமிழ்க்கடை என்று ஒன்று எங்களுடைய ஊரில் அப்போது இல்லை. மிக்ரோவிலும் கோப்பிலும் கிடைத்ததை வைத்துத்தான் சமையல். தேங்காய்ப்பால் கிடையாது. பிஸ்கற் செய்வதற்கென்று விற்கிற காய்ந்த தேங்காய்த்துருவலைச் சுடுபாலில் ஊறவைத்துப் பிழிந்து அதில் பருப்புக் காய்ச்சினோம். மிளகாயை அறையில் வறுத்து, புகை படிக்கட்டு முழுக்கப் போய், மேல்வீட்டு மனிசி தும்மிக்கொண்டு வந்து கதவைத் தட்டிய கதை எல்லாரிடமும் இருக்கும்.

நான் குளுப்சூலேயில் பின்னேர வகுப்புக்குப் போய்த்தான் ஜேர்மன் படித்தேன். வேலைக்கும் வேலைக்கும் இடையில் கிடைக்கிற இரண்டு மணித்தியாலத்தில், கையில் சவர்க்கார மணத்தோடு. 'டெர், டீ, டாஸ்' என்று அங்கே உருப்போட்டபோது இது ஒரு பலசரக்குக்கடையின் பள்ளிக்கூடம் என்று எனக்குத் தெரியாது.

பிறகு ஒருநாள் தபாலில் அது வந்தது.

மிக்ரோவில் அங்கத்தவர் ஆகுவதற்கு விண்ணப்பம் ஒன்று நிரப்பவேண்டும். கூட வேலை செய்த ஒரு சுவிஸ்காரர் சொல்லித்தான் நான் நிரப்பினேன். காசு கேட்கவில்லை. பங்குப் பத்திரத்தை இலவசமாகத் தந்தார்கள். எந்த நாட்டுக் கடவுச்சீட்டு என்று கேட்கவில்லை. அந்தப் பிராந்தியத்தில் குடியிருந்தால் சரி. வாரம் ஒரு பத்திரிகை வீட்டுக்கு வரும். அதைப் படங்களுக்காகப் புரட்டுவேன். ஒரு வசந்தகாலத்தில் அதனோடு ஒரு வாக்குச்சீட்டும் வந்தது. போன வருடக் கணக்கை அங்கீகரிக்கிறீர்களா? ஆம், இல்லை.

யோசித்துப் பாருங்கள். ஊரில் கடைசியாக வாக்களிக்க வேண்டிய காலத்தில் வாக்குச்சாவடிக்குப் போகிற நிலைமை இல்லை. இங்கே நான் அகதி. அப்போதைய சட்டப்படி 12 வருடம் வாழ்ந்தபிறகுதான் பிரசாவுரிமைக்கு விண்ணப்பிக்கவே முடியும். 2018இல்தான் அது 10 ஆனது. நொஷாத்தெல், யூரா மாதிரிச் சில மேற்கு மாநிலங்களில் வெளிநாட்டவருக்கு ஓரளவு வாக்கு உண்டு. நான் இருக்கும் பேர்ண் மாநிலத்தில் இல்லை. வருடத்துக்கு மூன்று நாலு முறை இந்த நாடு வாக்களிக்கும். அகதிச் சட்டத்தை இறுக்குவதா என்று எங்களைப் பற்றியே வாக்களிப்பார்கள். நாங்கள் குசினியில் இருந்து வானொலியில் முடிவு கேட்போம். அந்த நாட்டில் "உன்னுடைய கருத்து என்ன?" என்று கேட்டு எனக்கு வந்த முதல் கடதாசி அரசாங்கத்திடம் இருந்து வரவில்லை. சீனியும் சவர்க்காரமும் விற்கிற கடையிடம் இருந்து வந்தது.

இதில் நான் முதல் ஆள் இல்லை என்பதைப் பிறகுதான் அறிந்தேன். சுவிஸ் பெண்களுக்கு நாடளாவிய வாக்குரிமை கிடைத்தது 1971இல்தான். அப்பென்செல் உட்பகுதி மாநிலத்தில் பெண்கள் மாநில வாக்குரிமையைப் பெற 1990இல் உச்சநீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. ஆனால் அதற்கு எவ்வளவோ முந்தியே மிக்ரோவின் பங்குகள் குடும்பப் பெண்களின் கைக்குப் போயிருந்தன. அங்கத்தவராக இருந்த பெண் அங்கே வாக்களித்தாள். நாட்டுக்குள் வாழ்ந்தும் நாட்டில் வாக்கில்லாதவர்களுக்குக் கடையில் வாக்கு இருந்தது. முதலில் அந்தப் பெண்கள், பிறகு எங்களைப் போன்றவர்கள்.

இதெல்லாம் கண்துடைப்பு, கணக்குக்கு யார் இல்லை என்று போடுவான் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1980இல் 'மிக்ரோ வசந்தம்' என்று ஒரு அணி கிளம்பியது. மிக்ரோ அளவுக்கு மீறி வளர்ந்து டுட்வைலரின் கொள்கையை மறந்துவிட்டது என்று சொல்லி, நிர்வாகத் தேர்தலில் போட்டி வேட்பாளர்களை நிறுத்தினார்கள். தோற்றார்கள். அதற்குப் பிறகு அப்படி ஒரு பெரிய போட்டி வரவில்லை. வருடா வருடம் வருகிற சீட்டில் பெரும்பாலும் 'ஆம்'தான் வெல்லும்.

ஆனால் 2022இல் நடந்தது கண்துடைப்பு இல்லை.

மிக்ரோவின் சொந்தப் பேரங்காடிகளில் மதுபானமும் புகையிலையும் விற்பதில்லை. டுட்வைலர் போட்டு வைத்த கட்டுப்பாடு அது, 1928இல் இருந்து. நிர்வாகத் தரப்பில் பலருக்கு அந்தக் கட்டுப்பாடு காலத்துக்கு ஒவ்வாததாகத் தெரிந்தது. ஆட்கள் மரக்கறியை மிக்ரோவில் வாங்கிவிட்டு வைனுக்காகப் பக்கத்துக் கடைக்குப் போகிறார்கள் என்பது அவர்களுடைய கணக்கு. பத்துப் பிராந்தியச் சங்கங்களும் தனித்தனியே அங்கத்தவர்களிடம் கேட்டன. விதியை மாற்ற மூன்றில் இரண்டு பங்கு 'ஆம்' வேண்டும். 6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாக்களித்தார்கள். யூன் மாதம் முடிவு வந்தது. பத்துச் சங்கங்களிலும் 'இல்லை'. மூன்றில் இரண்டு என்ன, ஒரு இடத்தில்கூடப் பாதியைத் தொடவில்லை. இத்தாலி மொழி பேசும் திசினோவிலேயே 55 வீதம் 'இல்லை'. சூரிச்சில் 80 வீதம். மிக்ரோ அதற்குப் பிறகு 'இல்லை' என்றே பெயர் போட்டு ஒரு மதுசாரம் இல்லாத பியரை விற்பனைக்கு விட்டது. பகிடி தெரிந்த ஆட்கள்தான்.

நானும் 'இல்லை' என்றுதான் போட்டேன். காரணம் எங்கட சனத்துக்குச் சொல்லத் தேவையில்லை. பனியும் தனிமையும் இரவு வேலையும் சேர்ந்து எத்தனை பெடியளைக் குடி கொண்டுபோனது என்று நாங்கள் கண்ணால் கண்டவர்கள். என்னோடு ஒரே அறையில் இருந்த ஒருவன், கெட்டிக்காரன், விசா கிடைக்க முந்தியே ஈரல் போய்ச் செத்தான். அவன் வேலை முடிந்து வருகிற வழியில் சிகரெட்டும் போத்தலும் இல்லாத ஒரு கடை இருந்ததும், அங்கே அவனால் பாண் மட்டும் வாங்க முடிந்ததும் அவனைக் காப்பாற்றவில்லைதான். என்றாலும் அப்படி ஒரு கடை இருக்கட்டும் என்று நான் வாக்குப் போட்டேன். அந்த வாக்கு எண்ணப்பட்டது. அதனால் ஒன்று மாறாமல் நின்றது.

சரி, வெள்ளையடித்தது காணும். குறையையும் சொல்லவேண்டும். மிக்ரோ 2007இல் டென்னரை வாங்கியது. டென்னர் என்றால் மலிவு வைனுக்கும் சிகரெட்டுக்கும் பேர்போன கடை. இப்போது கனக்க இடங்களில் மிக்ரோவும் டென்னரும் ஒரே கட்டடத்தில், ஒரே வாசலுக்குள். கொள்கை இடது பக்கக் கதவு, வியாபாரம் வலது பக்கக் கதவு. டுட்டி இருந்திருந்தால் எந்தக் கதவுக்குக் கல்லெறிந்திருப்பாரோ!

கோப் பக்கமும் அப்படித்தான். ஊருக்கு ஊர் இருந்த சங்கங்கள் ஒன்றோடொன்று இணைந்து இணைந்து, 2001இல் எல்லாம் ஒரே சங்கமாகிவிட்டது. இன்றைக்கும் இருபது லட்சத்துக்கு மேற்பட்ட அங்கத்தவர்கள் உண்டு. ஆனால் முடிவெடுப்பது பிராந்தியச் சபையும் பேராளர் கூட்டமும். மதுபானம் மாதிரி ஒரு கேள்வியோடு வீட்டுக்குச் சீட்டு வந்து நான் கண்டதில்லை. றொச்டேல் நெசவாளிகளின் நேரடி வாரிசு கோப்தான். ஆனால் 'ஆளுக்கு ஒரு வாக்கு' என்பதை என் கைக்குத் தந்தது மற்றவன். அதற்காகக் கோப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. 1993இல் 'நத்தூராபிளான்' என்று இயற்கை விவசாயச் சாமான்களைப் பெரிய அளவில் முதலில் கொண்டுவந்தது அவர்கள். மீன், பழவகை, சாமான் தெரிவு இவற்றில் என் அனுபவத்தில் கோப் ஒருபடி மேல். விலையும் ஒருபடி மேல்.

2005இல் அல்டி, 2009இல் லிடில், இரண்டும் ஜேர்மனியில் இருந்து வந்தன. இவை கூட்டுறவு இல்லை. தனியார் சொத்து. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். அவை வந்தபிறகுதான் மற்ற இரண்டு பெரியவர்களும் விலையைப் பற்றித் திரும்ப யோசித்தார்கள். மிக்ரோ 1996இலேயே பச்சைப் பக்கற்றில் 'எம் பஜெற்' மலிவுச் சாமான்களை விட்டிருந்தது. கோப் 2005இல் 'பிறி கறந்தி' என்று தன் மலிவு வரிசையைக் கொண்டுவந்தது. சம்பளம் காணாத குடும்பங்கள் எண்ணெய்க்கும் மாவுக்கும் அல்டி, லிடிலுக்குப் போவதில் ஒரு குற்றமும் இல்லை. நாங்களும் போகிறோம். 1925இல் லொறிக்கு முன்னால் வரிசையில் நின்ற சூரிச்சுப் பெண்ணும் இதே கணக்கைத்தான் பார்த்தாள்.

கடைசியாக எங்கட கடை. தமிழ்க்கடை.

இதை இந்த வரலாற்றுக்குள் வைத்துப் பார்த்தால் வேறுமாதிரித் தெரியும். டுட்வைலர் யாரை ஒழிக்கிறார் என்று 1933இல் சுவிஸ் அரசு கவலைப்பட்டதோ, அந்தச் சின்னக் கடைக்காரர் தெருமுனையில் இருந்து கிட்டத்தட்ட மறைந்தே போனார். பிறகு அவர் விட்டுப்போன இடத்தில், அதேபோன்ற ஒடுங்கின கடையில், காலை முதல் இரவு வரை நின்றுகொண்டு முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் மொட்டைக்கறுப்பன் அரிசியும் விற்கிற ஆள் யார்? நேற்று வந்த அகதி. கொப்பியில் கடன் எழுதுகிற வழக்கத்தையும் கூடவே கொண்டுவந்துவிட்டார். கலியாண மண்டபம், ஊர்ச் செய்தி, மரண அறிவித்தல் எல்லாம் அங்கேதான்.

இப்போது மிக்ரோவிலும் கோப்பிலும் தேங்காய்ப்பால் தகரம் இருக்கிறது. பாஸ்மதி இருக்கிறது. மாம்பழம், இஞ்சி, மஞ்சள்தூள் இருக்கிறது. எங்கட பிள்ளைகள் வேலை முடிந்து வரும்போது அங்கேயே எல்லாவற்றையும் வாங்கிவிடுகிறார்கள். தமிழ்க்கடை முதலாளி ஒருவர் என்னிடம் சொன்னார்: "அண்ணை, வெள்ளைக்காரச் சனம் எங்கட சாப்பாட்டுக்குப் பழகினது சந்தோசம்தான். ஆனால் அவங்கள் வாங்கிறது பெரிய கடையில. எங்கட சனமும் இப்ப அங்கதான்." நூறு வருடத்துக்கு முந்தைய சூரிச்சுக் கடைக்காரரின் புலம்பலும் இதேதான். மொழி மட்டும் வேறு.

ஆகவே என் பதில் இது. கறிவேப்பிலை, அரிசி, மரக்கறி, கருவாடு எல்லாம் தமிழ்க்கடையில். பத்து ரப்பன் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை, அந்தக் கடை இருக்கவேண்டும். மீனுக்கும் நல்ல பழத்துக்கும் கோப். மற்ற எல்லாவற்றுக்கும் மிக்ரோ. எனக்குப் பிடித்த கடை எது என்று ஒரே பெயர் சொல்லச் சொன்னால், மிக்ரோ. அங்கே சாமான் மலிவு என்பதற்காக இல்லை, பல நேரம் மலிவும் இல்லை. நான் பெயரில்லாத ஒரு ஆளாக, ஒரு கோவை இலக்கமாக இருந்த காலத்தில், என்னைப் பங்காளி என்று எழுத்தில் எழுதித் தந்த கடை அது.

இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். சுவிசில் இருக்கிற கன தமிழ்க் குடும்பங்கள் முப்பது வருடமாக மிக்ரோவில் சாமான் வாங்குகின்றன, புள்ளி அட்டையும் வைத்திருக்கின்றன, ஆனால் அங்கத்தவர் இல்லை. புள்ளி அட்டை வேறு, அங்கத்துவம் வேறு. அட்டை உங்களைப் பற்றிக் கடைக்குச் சொல்லும். அங்கத்துவம் கடையைப் பற்றி உங்களைச் சொல்ல வைக்கும். 18 வயது நிரம்பியிருந்தால், அந்தப் பிராந்தியத்தில் வதிவிடம் இருந்தால், விண்ணப்பிக்கலாம். காசு இல்லை. புதிதாக வந்து இன்னும் எஃப் விசாவோடு இருக்கிற தம்பி தங்கைகளுக்கும் சொல்லுங்கள். வசந்தத்தில் அந்தப் பத்திரிகையோடு சீட்டு வரும்போது, பழைய கடதாசிக் கட்டுக்குள் போட்டுவிடாமல், ஒரு பேனையை எடுத்து ஆம் என்றோ இல்லை என்றோ போட்டு அனுப்புங்கள்.